எண்ணெயில் நீர் தங்கலாகாது: மூலிகைத் தைலங்களின் வரலாறு குறித்து

எங்கள் வீட்டில் உம்மும்மா மருதோன்றி இலை போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சும் நாட்கள் இன்னும் நினைவில் நிற்கின்றன. இறக்குவதற்கு முன் பஞ்சுத் திரியொன்றை எண்ணெயில் தோய்த்து, அடுப்பிலிருந்து விலகி நின்று கொளுத்திப் பார்ப்பார். திரி சடசடத்தால், "இன்னும் தண்ணி நிக்கிது மகன்" என்று சொல்லி மீண்டும் தீயை மூட்டுவார். சத்தமின்றி எரிந்தால் மாத்திரமே வடிகட்டுவார். அது ஒரு கிழவியின் சடங்கு என்றே அன்று எண்ணியிருந்தேன். மருத்துவ வரலாற்றை வாசிக்கத் தொடங்கிய பின்னரே, அந்தத் திரியின் பின்னால் இரண்டாயிரம் ஆண்டுக் கவலையொன்று இருப்பது புரிந்தது.

அக்கவலையை எழுத்தில் வைத்துச் சென்றவர்களுள் ஒருவர் டயோஸ்கொரிடீஸ். இன்றைய துருக்கியின் தென்பகுதியில் உள்ள அனசார்பஸ் என்னும் ஊரில் பிறந்த இக்கிரேக்க மருத்துவர், கி.பி. முதலாம் நூற்றாண்டில் மருந்துப் பொருட்கள் பற்றி ஐந்து பாகங்களில் ஒரு நூலை எழுதினார். அதன் முதற் பாகத்திலேயே நறுமண எண்ணெய்கள் இடம்பெறுகின்றன. ரோஜா எண்ணெய்க்கு ஈரம்படாத இதழ்களை எடுக்கச் சொல்கிறார். அவற்றை எண்ணெயில் ஊறவைத்துப் பிழிந்த பின் எண்ணெயிலிருந்து சாற்றை முற்றாகப் பிரித்துவிட வேண்டும். சிறிதளவு தங்கினாலும் எண்ணெய் கெட்டுவிடும் என்பது அவரது எச்சரிக்கை. கிருமி என்ற ஒன்றை எவரும் அறிந்திராத காலம் அது. ஆயினும் நீர் எண்ணெயின் எதிரி என்பதைக் கண்ணும் மூக்கும் கற்றுக் கொடுத்திருந்தன.

ஒன்பதாம் நூற்றாண்டில் இந்நூல் பக்தாதில் அரபு மொழிக்கு வந்தது. இஸ்தபான் இப்னு பாஸில் மொழிபெயர்க்க, ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809–873) அதனைத் திருத்தினார். அரபுப் பெயர் தெரியாத மூலிகைகளுக்குப் பெயரைக் கற்பனை செய்யாமல், கிரேக்கப் பெயரையே அப்படியே விட்டுவைத்தார் மொழிபெயர்ப்பாளர். அந்த நேர்மைக்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. 948இல் பைசாந்தியப் பேரரசர், குர்துபாவில் ஆண்ட மூன்றாம் அப்துர் ரஹ்மானுக்கு அந்நூலின் கிரேக்கப் பிரதியொன்றை அன்பளிப்பாக அனுப்பினார். அதை வாசிக்கக்கூடியவர் அங்கு இல்லாமையால், 951இல் நிக்கலஸ் என்ற துறவி வந்து சேர்ந்தார். அவரும், யூத அறிஞரான ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத்தும், முஸ்லிம் வைத்தியர்களும் ஒன்றாக அமர்ந்து விடுபட்ட செடிகளை ஒவ்வொன்றாக இனங்கண்டனர். தவறான இலை, தவறான மருந்து என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

நம்மவர்கள் மொழிபெயர்ப்போடு நின்றுவிடவில்லை. ஸாபூர் இப்னு ஸஹ்ல் (மறைவு 869) கூட்டு மருந்துகளுக்கெனத் தனி நூலொன்றை ஆக்கினார். இப்னு ஸீனாவின் (980–1037) 'கானூன்' தனி மருந்துகளை இரண்டாம் பாகத்திலும் கூட்டு மருந்துகளை ஐந்தாம் பாகத்திலும் வகுத்தது. அந்தலூஸின் அஸ்ஸஹ்ராவி தமது முப்பது பகுதிகள் கொண்ட 'தஸ்ரீப்' நூலில், பத்தொன்பதாம் பகுதியை நறுமணப் பொருட்களுக்கும் அழகு பேணலுக்கும் ஒதுக்கினார். அரபியில் 'துஹ்ன்' எனப்பட்டது, 'ரோகன்' என்ற பாரசீகப் பெயரில் யூனானி வைத்தியத்தில் இன்றும் வழங்குகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக முஹ்தஸிப் என்ற சந்தைக் கண்காணிப்பாளர் இருந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரி எழுதிய கைந்நூல், மருந்து விற்போரும் வாசனைப் பொருள் விற்போரும் செய்யும் கலப்படங்களையும் அவற்றைக் கண்டறியும் வழிகளையும் விவரிக்கிறது. மருந்தோடு பரிசோதனையும் சேர்ந்ததே அந்த மரபு.

இலங்கையில் இம்மரபு தனித்து வாழவில்லை. கண்டி மன்னர்களுக்கு வைத்தியம் செய்த முஸ்லிம் பரம்பரைகள் பற்றி லோனா தேவராஜா 1994இல் வெளியான தமது நூலில் எழுதியுள்ளார். 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி மூன்றும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிக்கப்பட்டன. உம்மும்மாவின் திரிச் சோதனை யூனானியிலிருந்து வந்தது என நான் உரிமை கோரமாட்டேன். வெந்த மூலிகையைத் தீயில் இட்டால் ஒலி எழக்கூடாது என்பது ஆயுர்வேதத்தின் தைலபாக விதி. அயல் வீட்டுப் பரிகாரியாரிடமிருந்தே அது எமது அடுப்பங்கரைக்கு வந்திருக்கலாம். எண்ணெய்க்கு எல்லைகள் கிடையா.

இன்றைய அறிவு அந்த விதிக்குக் காரணம் சொல்கிறது. தூய எண்ணெயில் கிருமிகள் பெருகுவதில்லை. பச்சை இலையின் ஈரமே அவற்றுக்கு வாழ்விடம் தருகிறது. ஆகவே இலையை நொறுங்கும்வரை நிழலில் உலர்த்துவது உத்தமம். எடையில் ஒரு பங்கு உலர்ந்த இலைக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு எண்ணெய் போதுமானது. வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம். ஈரமற்ற துணியில் வடித்து, ஈரமற்ற கருநிறப் போத்தலில் அடைத்து, இலையின் பெயரையும் திகதியையும் எழுதி ஒட்ட வேண்டும். ஒளியும் சூடும் காற்றும் எண்ணெயைக் கெடுக்கும். எனவே சிறிதளவே காய்ச்சிச் சில மாதங்களுக்குள் முடிப்பதே முறை. கலங்கினாலோ சிக்கு வாடை வீசினாலோ கொட்டிவிட வேண்டும். விற்றமின் ஈ சேர்த்தால் சிக்கு வாடை தாமதப்படும். கிருமியை அது தடுக்காது. முதலில் முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. தீப்புண்ணிலும் திறந்த காயத்திலும் தடவலாகாது.

முன்னோர் சொன்ன அனைத்தும் பாதுகாப்பானவை என்றும் கொள்ளலாகாது. மிருதாரசிங்கி எனும் ஈய ஒக்சைட்டை எண்ணெயில் காய்ச்சிய களிம்புகளைக் கிரேக்கரும் அரபிகளும் புண்ணுக்குப் பூசினர். ஈயம் நஞ்சு என்பது இன்று ஐயத்துக்கு இடமற்றது. மருதோன்றியே ஆனாலும், ஜீ-6-பீ-டீ நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளின் உடலில் பூசப்பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் அழிந்து உயிராபத்து நேரலாம். கறுப்பு மருதோன்றி என்று விற்கப்படுவதில் பெரும்பாலும் சேர்க்கப்படும் பீ-பீ-டீ என்ற சாயம், தோலைக் கொப்புளிக்கச் செய்யும்.

இன்று பெயரும் திகதியும் அற்ற போத்தல்கள், "பாரம்பரியத் தைலம்" என்ற ஒரே சொல்லை நம்பி எமது வீடுகளுக்குள் வருகின்றன. பிறந்து நாற்பது நாள் ஆகாத பிள்ளையின் மேனியிலும் அவை பூசப்படுகின்றன. உள்ளே என்ன இலை, எப்போது காய்ச்சியது என்று கேட்பவரை நம்பிக்கையற்றவராகப் பார்க்கிறோம். உண்மையில் கேள்வி கேட்பவரே மரபின் பக்கம் நிற்கிறார். தெரியாத செடிக்குப் பெயர் சூட்டாத மொழிபெயர்ப்பாளரும், கடைகடையாய்ச் சோதித்த முஹ்தஸிபும், திரி கொளுத்திப் பார்த்த உம்மும்மாவும் விட்டுச் சென்ற பாரம்பரியம் அந்தச் சந்தேகந்தான். எண்ணெயை வைத்துக்கொண்டு திரியை நாம் தொலைத்துவிட்டோம்.

உம்மும்மா மறைந்து ஆண்டுகள் பலவாயிற்று. அவர் காய்ச்சிய எண்ணெயின் அளவு எங்கள் வீட்டில் எவரிடமும் எழுத்தில் இல்லை. "இன்னும் தண்ணி நிக்கிது" என்ற அந்தக் குரல் மட்டும் எஞ்சியிருக்கிறது.