மணலும் பதிவேடும்: சிறார் கல்வியில் தவறுதலும் தேறுதலும்

திறவுச்சொற்கள்: திண்ணைப்பள்ளி, மதராஸ் முறை, விளைவுக்கேற்ற மானியம், தேக்கம், செயல்வழிக் கற்றல்

முன்னுரை

நோயுற்றவர் உடல் தேறுகிறார்; துயருற்றவர் மனம் தேறுகிறார்; தேர்வெழுதிய மாணவரும் தேறுகிறார். மூன்றுக்கும் தமிழ் வழக்கில் வினை ஒன்றே. கலங்கிய நீரைத் தெளிவிக்கக் குடத்தின் உட்புறம் தேய்க்கப்படும் தேற்றாங்கொட்டையின் பெயரிலும் இவ்வேரே உள்ளது. மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் 'தேர்ச்சி' என்பதோ 'தேர்' என்னும் வேறு வினையிலிருந்து வந்தது. ஆராய்தலும் தெரிந்தெடுத்தலும் அதன் பொருள்கள். திருக்குறளின் 51ஆம் அதிகாரத்தில் இவ்விரு வினைகளும் தத்தம் பொருள் மாறாமல் அருகருகே ஆளப்படுகின்றன. கலங்கியது தெளிவது ஒன்று; பலருள் சிலரைப் பிரித்தெடுப்பது மற்றொன்று.

சிறு குழந்தை ஒரு பாடத்தில் தவறும்போது பள்ளி இவ்விரண்டில் எதைச் செய்தது என்பதைத் தமிழகத் தொடக்கக் கல்வியின் வரலாற்றில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. விடாமுயற்சி என்பது குழந்தையின் குணமாகப் பேசப்படுவதற்கு முன் கற்பிக்கும் ஏற்பாட்டின் உறுப்பாக இருந்தது. தவறுதல் ஆண்டுக்கொருமுறை பதிவேட்டில் ஏறத் தொடங்கிய பின்னரே அது அறிவுரையாக மாறியது என்பது இதன் கருதுகோள்.

மணற்பரப்பு

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 சூன் 25இல் மாவட்ட ஆட்சியர்களிடம் நாட்டுப்புறப் பள்ளிகள் குறித்த விவரங்களைக் கேட்டார். 1826 மார்ச் 10ஆம் நாளிட்ட அவருடைய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். தமிழ்ப் பகுதிகளில் இவற்றுட் பெரும்பாலானவை திண்ணைப்பள்ளிகளே.

திண்ணையில் குழந்தையின் முதல் எழுதுபொருள் மணல். எழுத்தின் ஒலியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விரலால் எழுத வேண்டும். கோடு பிறழ்ந்தால் உள்ளங்கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். பிழை அழிந்துவிடும், எழுத்து விரலில் தங்கும். கை தேர்ந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும் தரப்பட்டன. ஓலையில் கீறியதை அழிக்க முடியாது என்பதே இவ்வரிசையின் காரணமாகலாம். எண்சுவடி வாய்பாடுகளும் இவ்வாறே. ஒருவன் முன்சொல்ல மற்றவர்கள் பின்சொல்லி, பாடம் நாவில் படியும்வரை திரும்பத் திரும்ப ஒப்பித்தனர். சொல்லத் தடுமாறியவனைச் சட்டாம்பிள்ளை அன்றே மீண்டும் சொல்லவைத்தான். ஓராண்டு முடிவில் 'தவறியவன்' என்று ஒருவனைக் குறிக்கும் ஏடு அங்கில்லை. ஆண்டு வகுப்பு என்னும் பிரிவே அங்கில்லை என்பதும் கருதத்தக்கது.

இதனைப் பொற்காலமாகக் காட்டுவது வரலாறாகாது. உ.வே.சாமிநாதையர் 'என் சரித்திரம்' நூலில் தம் இளமைக்காலத் திண்ணைப்பள்ளியை விவரிக்கும் பகுதியைப் படிப்பவர் அங்கிருந்த தண்டனைகளையும் காண்பர். பிரம்படி அன்றாடம். கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டமும் வழக்கில் இருந்தது. பிழை மணலில் பதியவில்லை, உடம்பில் பதிந்தது. தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட சாதிகளின் குழந்தைகளுக்கும், சில விலக்குகள் நீங்கலாகப் பெண் குழந்தைகளுக்கும் அத்திண்ணையில் இடமே இல்லை. தவறி எழும் வாய்ப்பும் சாதியாலும் பாலாலும் அளந்து தரப்பட்ட ஒன்றாகவே இருந்தது.

இம்மணலே ஐரோப்பியக் கல்வி வரலாற்றிலும் இடம்பெற்றது. 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ ஆண் அனாதையர் விடுதியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் விடுதியிலும் அதைப் புகுத்த முயன்றார். விடுதி ஆசிரியர்கள் இணங்கவில்லை. அரிச்சுவடி வகுப்பை ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவர் ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட நூலால் இது 'மதராஸ் முறை' எனப் பெயர் பெற்றது. சிறு சிறு பாடங்கள், ஒன்றை முற்றக் கற்காமல் அடுத்ததற்குச் செல்லாமை, கடினமாயின் கீழ் வகுப்பிற்கும் எளிதாயின் மேல் வகுப்பிற்கும் உடனுக்குடன் மாறுதல் ஆகியன அதன் அடிப்படைகள். மலிவாகப் பலருக்குக் கற்பிக்கும் உத்தியாகவே இம்முறை பிரித்தானியாவில் பெரிதும் வரவேற்கப்பட்டது. ஆயினும் குழந்தை தன் தவற்றோடு நெடுநாள் தனித்துவிடப்படுவதில்லை என்பதே இதன் உயிரான கூறு எனலாம்.

பதிவேடு

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. மெட்ரிகுலேஷன் தேர்வு கல்வியின் வாயிலாயிற்று. தொடக்கப்பள்ளிகளைப் பொறுத்தவரை அதனினும் ஆழமான மாற்றத்தை விளைவித்தது மானிய முறையே. இங்கிலாந்தில் 1862இல் நடைமுறைக்கு வந்த 'விளைவுக்கேற்ற மானியம்' அப்பத்தாண்டிலேயே சென்னை மாகாணத்திலும் கைக்கொள்ளப்பட்டது. ஆய்வாளர் வந்து படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு குழந்தையையும் சோதிப்பார். தேறிய குழந்தைக்குப் பாடவாரியாகப் பணம். தேறாத குழந்தைக்கு இல்லை.

இதன் விளைவை அளவிடுவது எளிது. முன்பு குழந்தையின் தடுமாற்றம் ஆசிரியரின் அன்றாடப் பணி. இப்போது அது அவருடைய வருவாய் இழப்பு. ஆய்வாளர் வரும் நாளில் திணறிய ஏழு வயதுக் குழந்தை மறுநாளே அப்பாடத்தைச் சொல்லக்கூடும். அதனால் பயனில்லை, பதிவேடு மூடப்பட்டிருக்கும். தவறுதல் ஒரு நிகழ்வு என்னும் நிலையிலிருந்து ஓர் ஆண்டுக்கான அடையாளமாக மாறியது இவ்விடத்தில்தான். 'பெயில்' என்னும் ஆங்கிலச் சொல் தமிழ்ப் பேச்சில் பெயர்ச்சொல்லாகவே வேரூன்றியதும் தற்செயலன்று. 'அவன் பெயில்' என்னும் தொடரில் தவறியது பாடமன்று, ஆள்.

விளைவுக்கேற்ற மானியத்தை 1904ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கைத் தீர்மானம் கைவிட்டது. ஆண்டிறுதியில் நிறுத்திவைக்கும் வழக்கம் மட்டும் நின்றுவிடவில்லை. 1929இல் ஹார்டாக் குழு, தொடக்கக் கல்வியின் இரு பெருங்கேடுகளாக 'விரயம்', 'தேக்கம்' என்பவற்றைச் சுட்டியது. கல்வி முடியுமுன் குழந்தையைப் பள்ளியினின்று நிறுத்திவிடுவது முன்னது. ஒரே வகுப்பில் ஓராண்டிற்குமேல் இருத்திவைப்பது பின்னது. ஒரே வகுப்பில் மீண்டும் அமர்த்தப்பட்ட குழந்தைக்கு வேறு விதமாகக் கற்பிக்கப்படவில்லை; அதே பாடம், அதே முறை, தம்பி வயதினர் நடுவே. இதனை மறுமுயற்சி என்று கொள்வது கடினம்.

வகுப்பறைகளில் விடாமுயற்சிக் கதைகள் வகிக்கும் இடத்தை இப்பின்னணியில் நோக்க வேண்டும். சிலந்தியைக் கண்டு ஊக்கம் பெற்ற ராபர்ட் புரூஸின் கதையைப் பரவலாக்கியவர் வால்டர் ஸ்காட். தம் பேரனுக்காக 1820களின் இறுதியில் எழுதிய நூலில் அவர் அதைச் சொன்னார். புரூஸின் காலச் சான்று எதிலும் அக்கதை இல்லை. பதினேழு முறை தோற்றுப் பதினெட்டாம் முறை வென்றவராகக் கஜினி முகமதுவைத் தமிழ்ப் பேச்சுவழக்கு கொண்டாடுகிறது. 1000 முதல் 1027 வரை அவர் நடத்திய படையெடுப்புகள் பெரும்பாலும் வெற்றியிலேயே முடிந்தன. தேர்வில் பலமுறை தவறுவோரைத் தேற்றவும் கேலி செய்யவும் ஒருசேரப் பயன்படும் உவமைக்காக, வென்றவரே தோற்றவராக்கப்பட்டார். இரு கதைகளிலும் வீழ்ந்தவர் தாமே எழுகிறார். உதவ எவரும் வருவதில்லை. குழந்தைக்குச் சொல்லத்தக்க கதைகளா இவை என்பது ஐயத்திற்குரியது.

பிழையைக் காட்டும் பொருள்கள்

1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சியைத் தொடங்கினார். போர் காரணமாக அவர் 1946வரை இந்தியாவில் தங்க நேர்ந்தது. அவருடைய கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகளும் அவற்றிற்குப் பொருந்தும் பத்து மர உருளைகளும் கொண்ட கட்டை. ஓர் உருளை தவறான குழியில் இறங்கினால் இறுதியில் ஒன்று இடமின்றி எஞ்சும். ஆசிரியர் வாய்திறக்க வேண்டியதில்லை. குழந்தை தானே எடுத்துத் திரும்ப அடுக்கும். மணலின் நற்கூறு பிரம்பின்றி இங்கே மீள்கிறது. ஆனால் இம்முறை நெடுங்காலம் கட்டணம் செலுத்த வல்லோரின் பள்ளிகளுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கியது.

அரசுப்பள்ளிகளில் இதனையொத்த முயற்சி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல். ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைப் பின்பற்றிய இம்முறையில் பாடம் அட்டைகளாகவும் கற்றல் ஏணிப்படிகளாகவும் அமைந்தது. காய்ச்சலால் பத்து நாள் வராத குழந்தை, விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

சட்டமும் இதே காலத்தில் மாறியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு எட்டாம் வகுப்புவரை நிறுத்திவைத்தலைத் தடுத்தது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. பதிவேட்டின் தீங்கும் பிரம்பின் தீங்கும் அடுத்தடுத்த பிரிவுகளில் நீக்கப்பட்டன. 2019இல் வந்த திருத்தம் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வையும், தவறியோருக்கு இரண்டு மாதத்திற்குள் மறுதேர்வையும், அதிலும் தவறினால் நிறுத்திவைக்க அனுமதியையும் கொண்டுவந்தது. அவ்வாண்டே தமிழக அரசு அறிவித்த பொதுத்தேர்வு, கடும் எதிர்ப்பிற்குப் பின் 2020 பிப்ரவரி 4இல் கைவிடப்பட்டது.

அடுத்த மாதமே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. மீண்டும் திறந்தபோது எழுத்தறியாமலே மூன்றாம் வகுப்பை எட்டிய குழந்தைகள் இருந்தனர். நிறுத்திவைக்காமை ஒன்றே தேற்றுதலாகாது என்பதை அவர்கள் காட்டினர். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வகுப்பைப் பாராமல் அறிந்த அளவைக் கொண்டு குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கிறது. பெல்லின் எழும்பூர் வகுப்புகளை அறிந்தவருக்கு இதன் உறவு விளங்கும். ஆனால் எழும்பூரில் ஒவ்வொரு சிறு குழுவிற்கும் ஒரு ஃபிரிஸ்கென் இருந்தான். இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளையும் கவனிக்கும் தொடக்கப்பள்ளியில், மலருக்குப் பாடம் நடக்கும் நேரத்தில் அரும்பில் தடுமாறும் குழந்தையின் அருகே அமர்பவர் யார் என்பது இன்னும் விடையளிக்கப்படாத வினா.