அமெரிக்காவுக்குப் பெயர் தந்தவர்

கொலம்பஸ் கண்ட நிலத்திற்கு அமெரிகோ வெஸ்புச்சியின் பெயர் அமைந்தது ஏன்? பிறர் புகழை அவர் கவர்ந்துகொண்டார் என்பாரும் உளர். உண்மையைச் சிறிது ஆராய்வோம்.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிறந்த அமெரிகோ, மெடிச்சி குடும்பத்தாரின் வாணிக அலுவலின் பொருட்டு ஸ்பெயினின் செவில் நகருக்குச் சென்றவர். 1501-ஆம் ஆண்டு போர்ச்சுகல் மன்னரின் கப்பல்களில் புறப்பட்டு, பிரேசில் கரையோரமாகத் தெற்கே நெடுந்தொலைவு சென்றார். தாம் அடைந்தது ஆசியாவே என நம்பியபடி கொலம்பஸ் 1506-இல் கண்மூடினார். அஃது ஆசியாவன்று, ஐரோப்பியர் அறியாத வேறொரு பெருநிலம் என்னும் கருத்தோ, அமெரிகோவின் பெயரால் வெளிவந்த கடிதங்கள் வாயிலாகவே ஐரோப்பாவெங்கும் பரவியது.

அவற்றைப் படித்த வால்ட்சிமுல்லர் என்னும் ஜெர்மானிய அறிஞர், 1507-இல் வெளியிட்ட உலகப் படத்தில் ‘அமெரிக்கா’ என்று பொறித்தார். 1513-இல் வெளிவந்த அவருடைய படங்களில் அப்பெயர் இல்லை. ஆயினும் அதற்குள் அது வேரூன்றிவிட்டது. 1512-இல் மறைந்த அமெரிகோ அப்பெயரைத் தாமே வேண்டினார் என்பதற்குச் சான்றில்லை.

எனவே அவரைப் புகழ்த் திருடர் என்பது பொருந்தாது. காண்பதினும் கண்டதை இன்னதென்று உணர்தல் அரிதன்றோ? ஆயினும், பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்துவந்த மக்களுக்கு அது புதிய உலகமன்று என்பதையும் நாம் மறத்தலாகாது.