தேவாலய அச்சகத்தில் ஓர் அடிதடி

கான்பெராவிலும் வொலங்காங்கிலும் அதுவரை தனியார் சேனல் ஒன்றே ஒன்று. 1989 மார்ச் 31 அன்று அது மூன்றானது. அந்த நாளின் கதையைத்தான் இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால், சிட்னியின் சிப்பெண்டேல் பகுதியில் இருந்த ஓர் அச்சகம் மூன்று நாட்களாகக் கையைப் பிடித்து இழுக்கிறது. அங்கே ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவோம்.

1960 ஜூன் 7. 'ஆங்கிலிகன்' என்ற கிறிஸ்தவ வார இதழை அச்சிட்டுவந்த அச்சகம் கடனில் மூழ்கி, நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குப் போயிருந்தது. புறநகர்ப் பத்திரிகைகள் அடிக்க ஓர் அச்சகம் தேவைப்பட்டது சர் ஃபிராங்க் பேக்கருக்கு. இளமையில் குத்துச்சண்டை போட்டவர், பிற்பாடு பேரம் பேசும்போதும் கையுறையைக் கழற்றாதவர். 1956 செப்டம்பர் 16 அன்று சிட்னியில் சேனல் 9-ஐத் தொடங்கி, ஆஸ்திரேலியாவின் முதல் தொலைக்காட்சி முதலாளி ஆனவரும் இவர்தான். அதையெல்லாம் மூன்றாம் அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டோம்.

வக்கீல் நோட்டீஸுக்கெல்லாம் அவருக்குப் பொறுமை ஏது? மகன்கள் இருவரும் நேரே போய்க் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூத்தவர் கிளைடுக்கு 24 வயது. இளையவர் கெர்ரிக்கு 22. ஆமாம், 1977-ல் உலகக் கிரிக்கெட்டையே இரண்டாக்கி, வண்ணச் சட்டையும் இரவு ஆட்டமும் கொண்டுவந்த அதே கெர்ரி பேக்கர்தான். அச்சக மேலாளரைத் தூக்கித் தெருவில் விட்டார்கள்.

இதழின் ஆசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ். இவரைப் பற்றியே ஒரு தொடர் எழுதலாம். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், ரோல்ஸ் ராய்ஸ் காரில் உட்கார்ந்து பத்திரிகை வேலை பார்த்தவர், பின்னாளில் சீனச் சிறையில் சில ஆண்டுகள் கிடந்து மீண்டவர். அவர் போலீஸுக்குப் போகவில்லை. ஃபிராங்க் பிரவுனைக் கூட்டிவந்தார். அவதூறும் வம்பும் எழுதிப் பிழைத்த பத்திரிகையாளர் இந்த பிரவுன். சபை உரிமையை மீறினார் என்று 1955-ல் நாடாளுமன்றமே மூன்று மாதம் உள்ளே தள்ளிய ஆசாமி. அவருக்குத் தெரிந்த முரட்டுக் கைகள் சில கூடவே வந்தன. பிறகு கை, கால், கைக்குக் கிடைத்த சாமான்கள். கடைசியில் சீமான் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் வெளியே வந்து விழுந்தார்கள்.

அடிதடியைப் படம் பிடிக்க 'டெய்லி மிரர்' ஆள் அங்கே தயாராக நின்றாரே, அதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்தப் பத்திரிகையைச் சில வாரங்களுக்கு முன்புதான் விலைக்கு வாங்கியிருந்தார் 29 வயது ரூபர்ட் முர்டோக். மறுநாள் முதல் பக்கம் முழுக்க, 'சர்' பட்டம் பெற்றவரின் பிள்ளைகள் நடுத்தெருவில் உருண்ட கதைதான். ஜேம்ஸுக்கு முதுகு கொடுத்தவரும் அவரே, செய்தியை விற்றவரும் அவரே. முர்டோக்கை நல்லவர் என்று நான் எங்கும் எழுதியதில்லை, இனியும் எழுதப்போவதில்லை. ஆனால், இந்த ஒரு நாளைக்கு அவருக்குக் கைதட்டாமல் இருக்க முடியவில்லை.

இதற்கும் தொலைக்காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மூன்று வருடம் தள்ளிப் பாருங்கள்.

சிட்னியின் மூன்றாவது தனியார் உரிமத்துக்கு 1963-ல் முர்டோக்கும் போட்டி போட்டார். கிடைக்கவில்லை. அடிலெய்டில் ஒரு சேனல் வைத்திருந்தவருக்கு சிட்னி வானம் மட்டும் அடைத்தே இருந்தது. சிட்னிக்குத் தெற்கே சுமார் 80 கிலோமீட்டரில் வொலங்காங். இரும்பாலைத் தொழிலாளர்களின் ஊர். 1962 மார்ச் 18-ல் அங்கே தொடங்கிய 'வின்-4' ஒரே வருடத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. உயரமான ஆன்டெனா நட்டால் வொலங்காங்கில் சிட்னி தெரியும் என்பதால், அந்த ஊர் நேயர்களையும் தங்கள் கணக்கிலேயே வைத்திருந்தன சிட்னி நிலையங்கள். போட்டிக்கு வந்த சின்ன நிலையத்துக்கு நல்ல நிகழ்ச்சி எதையும் கண்ணில் காட்டவில்லை. பக்கத்து வயல்காரனுக்கு மடையை அடைப்பதுபோலத்தான். இதில் பேக்கருக்காக வாதாட என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த நொடித்த நிலையத்தைத்தான் முர்டோக் வாங்கினார். அப்படியே அமெரிக்கா பறந்து, அங்கே நிகழ்ச்சிகளை மொத்தமாகப் பிடித்தார். வொலங்காங்கில் சிட்னி தெரியும் என்றால், சிட்னியின் தென்புறத்தில் வொலங்காங்கும் தெரியுமல்லவா? உங்கள் நேயர்களை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே இழுத்துக்கொள்கிறேன் என்று நின்றார். பெரியவர் பேக்கருக்குக் கணக்கு உடனே புரிந்தது. சிட்னி, மெல்போர்ன் சேனல் 9 நிலையங்களில் கால் பங்கையும் இயக்குநர் குழுவில் இரண்டு நாற்காலிகளையும் முர்டோக்குக்கு விற்றார். மகன்களை அவமானப்படுத்தியவனுக்குத் தன் வீட்டிலேயே இலை போட்டார்.

வொலங்காங் மக்களை யாராவது ஏதாவது கேட்டார்களா என்றால், இல்லை. 1961 டிசம்பரில் விக்டோரியாவின் ட்ரரால்கனில் முதல் வட்டார நிலையம் தொடங்கியது முதல் இதுதான் நிலைமை. வட்டார நிலையங்களுக்கு ஊர் ஊரில் இருக்கும், கடிவாளம் தலைநகரில் இருக்கும். சிட்னியில் சேனல் 10 கைக்கு வந்த 1979-லேயே வின்-4-ஐ விற்றுவிட்டார் முர்டோக். வாங்கியவர் ப்ரூஸ் கார்டன். பாரமவுண்ட் நிறுவனத்துக்காகப் படங்களையும் தொடர்களையும் விற்று வந்த மனிதர்.

போகிற போக்கில் இன்னொன்று. 1972-ல் சேனல் 9-இன் நிர்வாகம் கிளைடு கையில். தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் பேட்டியை ஒளிபரப்பக் கூடாது என்று அப்பா தடுத்தார். கிளைடு கோபித்துக்கொண்டு வெளியேறினார். வாரிசு கெர்ரி ஆனார். அந்தத் தொழிற்சங்கத் தலைவரின் பெயர் பாப் ஹாக். 1983-ல் அவர் பிரதமரானார். ஓர் ஊருக்கு ஒரு தனியார் சேனல் என்ற பழைய ஏற்பாட்டை உடைத்து, கிழக்கு மாநிலங்களின் வட்டாரங்களைப் பெரிய சந்தைகளாக ஒட்டவைத்தது அவருடைய அரசாங்கம்தான். 1989 மார்ச் 31 அதில் பிறந்த நாள்.

பக்கம் முடிந்துவிட்டது என்று ஆசிரியர் கையைக் காட்டுகிறார். அந்த நாள் அடுத்த இதழில். இந்த முறை நிச்சயமாக.