பழைய ஒலி யாருடைய சொத்து?

இரண்டே பேர். பெரும்பாலும் ஒரு பெண் குரல், ஒரு ஆண் கிதார். ஒலிநாடாவின் இரைச்சல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி எதிரொலி, அறுபதுகளின் அமெரிக்க மெட்டு. 2010ஐ ஒட்டி அமெரிக்காவில் இண்டி பாப் என்ற பெயரில் வந்த இரட்டையர் குழுக்கள் பலவற்றின் சேர்மானம் இதுதான். லோ-ஃபை என்கிறார்கள். எளிமை, நேர்மை, பெருநிறுவனங்களுக்கு எதிரான வீட்டுத் தயாரிப்பு என்றெல்லாம் இதைச் சுற்றி ஒரு சொல்லாடல் இருக்கு. இந்த இசை எனக்குப் பிடிக்கும். சந்தேகம் அந்தச் சொல்லாடல் மேலதான்.

டாஸ்கம் நிறுவனம் 1979இல் போர்டாஸ்டூடியோவைக் கொண்டுவந்தது. சாதாரணக் கேசட்டில் நாலு தடங்களைப் பதியலாம். ஸ்டூடியோவுக்குக் காசில்லாதவர்களுக்கு அது ஒரு விடுதலை; இரைச்சல் அதற்குக் கொடுத்த விலை. ஆனா 1982இலேயே புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், எல்லா வசதியும் இருந்தும், அந்தக் கருவியில் வீட்டில் பதிந்ததையே ‘நெப்ராஸ்கா’ என்று வெளியிட்டார். இல்லாமை ஒரு பாணியாகிவிட்டது. இன்றைக்கு அந்த இரைச்சலை மென்பொருளே சேர்த்துக் கொடுக்குது.

இனி மெட்டுக்கு வருவோம். இந்தக் குழுக்கள் ஏங்குகிற ஒலியின் ஊற்று, 1963இல் ஹாலிவுட்டின் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோவில் பதிவான ரோனெட்ஸ் குழுவின் ‘பி மை பேபி’. தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர். பல கிதார், பல பியானோ, எல்லாரும் ஒரே அறையில் நெருக்கியடித்து வாசிக்க, அதை எதிரொலி அறைக்குள் செலுத்திக் கட்டியது அவருடைய ‘ஒலிச்சுவர்’. ரோனெட்ஸ் நியூயார்க்கைச் சேர்ந்த கலப்பு வம்சாவளிப் பெண்கள்: வெரோனிகா, எஸ்டெல் என்ற சகோதரிகள், அவர்களுடைய உறவுக்காரப் பெண் நெட்ரா. ஒப்பந்தத்தில் கிடைத்த முன்பணம் 15,000 டாலருக்கும் குறைவு. அதற்குப்பின் ராயல்டி என்று ஒரு காசு வரவில்லை.

1987இல் ‘டர்ட்டி டான்சிங்’ படம் வந்தது. கதை நடப்பது 1963 கோடையில். ஆக, ஏக்கம் அப்போதே நல்ல சரக்கு. படத்தில் ‘பி மை பேபி’ ஒலிக்குது, காசு ஸ்பெக்டருக்கு. பெண்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2002இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு மன்றம், இசைத்தட்டு விற்பனைக்கு ராயல்டி உண்டு, படத்தில் பயன்படுத்தியதற்குப் பங்கு கிடையாது என்றது. காரணம்? பதிவுகளின் முழு உரிமையும் ஸ்பெக்டருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது. படத்தில் சேர்ப்பதைப் பற்றி ஒப்பந்தம் எதுவுமே சொல்லவில்லை. ஒரு பிரதியின் மௌனம் யாருக்குச் சாதகமாக வாசிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்தக் கோட்பாட்டுப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பாட்டின் தொடக்க டிரம் அடி ஹால் பிளேய்ன் வாசித்தது. ஸ்காட்லாந்தின் ரீட் சகோதரர்கள் 1985இல் ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழுவில் அதைத் திரும்ப எடுத்து, மேலே கிதார் இரைச்சலைக் கொட்டினார்கள். இண்டி உலகத்துக்குள் அறுபதுகளின் ஒலி நுழைந்த முக்கியமான வழி இது.

2010இல் நியூயார்க்கின் கல்ட்ஸ் என்ற இரட்டையர் ‘கோ அவுட்சைட்’ பாட்டைத் தாங்களே இணையத்தில் போட்டார்கள். மணியோசை, இளம் பெண் குரல், வெயில் நாள் மாதிரி மெட்டு. கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்க: இடையில் ஜிம் ஜோன்ஸின் குரல். 1978இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 900க்கும் மேற்பட்டவர்களைச் சாவுக்கு இட்டுச் சென்ற மதத்தலைவர். செத்தவர்களில் பெரும்பான்மை கறுப்பின மக்கள், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் குழந்தை. விளையாட்டா, விமர்சனமா என்று சண்டை போடலாம். என் வாசிப்பில், இனிமையான பழமைக்குள் பிணங்கள் இருக்கு என்று ஒத்துக்கொள்கிற அபூர்வமான பாட்டு இது. அடுத்த வருஷம் அவர்களுடைய முதல் தொகுப்பை வெளியிட்டது கொலம்பியா நிறுவனத்தின் ஒரு கிளை. வீட்டுத் தயாரிப்பு அவ்வளவுதான்!

சரி, ஏன் இரண்டு பேர்? அழகியல் என்பார்கள். வண்டி வாடகையும் சம்பளமும் யாரும் பேசுவதில்லை. கோல்ட் ஸ்டாரில் ஒரு கூட்டமே வாசித்த சுவரை இப்போது ஒரு கணினி எழுப்புது. காசை இரண்டாகப் பிரித்தால் போதும். அந்த இரண்டு பேர் நினைத்தால், பதிவுகளின் உரிமையைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளவும் முடியும். ரோனெட்ஸுக்கு அந்த வழி இருக்கவில்லை. வெரோனிகா 2022 ஜனவரியில் இறந்தார்.