பகடை உருண்ட பாதை – 14: ஒற்றைப் பூஜ்யம்

2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்பு கேசினோக்கள் பட்ட பாட்டை இந்த வாரம் சொல்வதாக எழுதியிருந்தேன். ஆனால் ஃபிரான்சுவா பிளாங்க் என்ற கேசினோ முதலாளியைத் தாண்டிக்கொண்டு கொழும்புக்குப் போக எனக்கு மனம் வரவில்லை.

பலே ஆசாமி. கோபுர உச்சியில் மரக்கைகளை ஆட்டிச் செய்தி அனுப்பிய காலம் அது. அந்த அரசாங்கத் தந்தி ஊழியருக்கு லஞ்சம் கொடுத்து, பாரீஸ் பங்குச்சந்தையின் போக்கை மற்றவர்களுக்கு முன்பே போர்தோவில் தெரிந்துகொண்டு காசு பார்த்தார்கள், பிளாங்கும் அவருடைய இரட்டைச் சகோதரரும். 1837-இல் வழக்கு நடந்தது. அதைத் தண்டிக்கச் சட்டம் போதவில்லை, தப்பிவிட்டார்கள்.

அதே ஆண்டு முடிவில் பாரீசின் சூதாட்ட விடுதிகளுக்குப் பூட்டு விழுந்தது. ஆட்டக்காரர்கள் ஜெர்மனிக்குப் படையெடுக்க, கடனில் முழுகியிருந்த ஹோம்பர்க் என்ற சிற்றரசில் பிளாங்க் 1841-இல் கடை விரித்தார். பாடன்-பாடன் சூதாட்ட விடுதி போட்டிக்கு இருந்தது. ரூலெட் சக்கரத்தின் இரண்டு பூஜ்யங்களில் ஒன்றைக் கழற்றி எறிந்தார் மனிதர்.

கணக்கைப் பாருங்கள். எண்ணுக்கு 100 ரூபாய் வீதம் எல்லாக் குழிகளிலும் வைத்தால், எந்த எண் விழுந்தாலும் கைக்கு வருவது 3,600. இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் 38 குழி. 200 ரூபாய் கடைக்காரருக்கு. ஒற்றைப் பூஜ்யத்தில் 37 குழி, 100 தான். லாப விகிதம் 5.26 சதவீதத்திலிருந்து 2.7-க்கு இறங்கியது. கூட்டம் அம்மியது.

மொனாக்கோவுக்கு 1863-இல் போனார். மென்டோன், ரோக்புரூன் என்ற இரண்டு ஊர்களும் 1848-இலேயே பிரிந்துபோனதால் எலுமிச்சை, ஆலிவ் வருமானம் இல்லாமல் அரசர் தவித்துக்கொண்டிருந்தார். கேசினோ வருமானம் வந்ததும் 1869-இல் அங்கே குடிமக்களுக்கு நேரடி வரியே ரத்து! மொத்தமும் தோற்றவனுக்கு ஊர் திரும்பக் கேசினோவே வழிச்செலவு கொடுத்தது. அந்தக் கடனை அடைக்கும்வரை மறுபடி உள்ளே விடவில்லை. பிளாங்கை வில்லன் என்பார்கள். எனக்கென்னவோ, விலையைப் பலகையில் எழுதிவைத்து விற்ற வியாபாரியாகத்தான் தெரிகிறார்.

லாஸ் வேகாஸ்காரர்கள் அப்படியில்லை. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அறை வாடகையை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, பிளாக்ஜாக் மேசையில் கை வைத்தார்கள். 100 வைத்து முதல் இரண்டு சீட்டிலேயே 21 அடித்தால் 150 கொடுப்பது மரபு. 120 போதும் என்கிற மேசைகள் பெருகின. எங்கள் சேத்தியாத்தோப்புப் பக்கம் கரும்புப் பணம் தாமதமானால், வெட்டுச்சீட்டு நடத்துபவர் டீயையும் புரோட்டாவையும் இலவசமாக்கிவிட்டு ஆட்டக் கமிஷனை ஏற்றுவாரே, அந்த வித்தைதான். நிலைமை சீரான பிறகாவது பழைய கணக்கு திரும்பியதா? 2016-இல் வெனீஷியன் கேசினோவின் ரூலெட் சக்கரத்தில் மூன்றாவது பூஜ்யம் முளைத்தது, 7.69 சதவீதம். எம்ஜிஎம் விடுதிகளில் இலவச பார்க்கிங்கும் அதே ஆண்டு போயிற்று.

சரி, கொழும்புக்கு வருவோம். அங்கே 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 இலங்கை ரூபாய்ச் சொச்சம். மே மாதம் 360. ஆட வருபவருக்குச் சாப்பாடும் மதுவும் இலவசம் என்பது அங்கே பழைய வழக்கம். ரூபாய் விழுந்தபோது இந்தியாவிலிருந்து போனவர் பையில் இருந்த பணத்துக்கு அங்கே மதிப்பு கூடிவிட்டது. மிச்சக் கதை அடுத்த வாரம், பிளாங்க் குறுக்கே வராமல்.