எஸ்எம்பிஎஸ்: ஒரு தகரப் பெட்டியின் கதை

பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கிறவர்கள் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். பிராசஸர் எது, ராம் எவ்வளவு, கிராபிக்ஸ் கார்டு என்ன விலை என்று கடை கடையாக ஏறி இறங்குவார்கள். கேபினெட்டின் மூலையில் ஒரு விசிறியோடு உட்கார்ந்திருக்கும் தகரப் பெட்டியை மட்டும் யாரும் விசாரிப்பதில்லை. நம் ஊர்க் கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்று சொல்கிற பவர் சப்ளைதான் அது. "பழசே இருக்கட்டும் சார், நல்லாத்தானே ஓடுது" என்பதோடு அதைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும்.

என் பணிக்காலத்தில் பெரும்பகுதி மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பதிலேயே போயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். இந்தப் பெட்டியைச் சரியாகத் தேர்ந்தெடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம். அதன் வரலாறு தெரிந்தால் போதும். ஏனென்றால் கடந்த நாற்பது சொச்சம் வருடங்களில் கம்ப்யூட்டரின் சுமை ஒரு கம்பியிலிருந்து இன்னொரு கம்பிக்கு மாறிவிட்டது. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெரிய எண் அதைச் சொல்வதில்லை.

எழுபதுகளில் டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு செல் வாங்கி மாளாமல் பேட்டரி எலிமினேட்டர் வாங்கியவர்கள் நம்மில் பலர் உண்டு. அளவுக்கு மீறிய கனம் கனக்கும். உள்ளே இரும்புத் தகடுகளை அடுக்கிச் செம்புக் கம்பி சுற்றிய டிரான்ஸ்பார்மர். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி. அந்த மெதுவான வேகத்தில் வோல்ட்டேஜைக் குறைக்க அவ்வளவு இரும்பு வேண்டும். அமெரிக்காவில் 1975-ல் வந்த ஆல்டேர் 8800 என்ற ஆரம்பகால வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். பெரிய டிரான்ஸ்பார்மர், அதன் பின்னால் மிச்ச வோல்ட்டேஜைச் சூடாக எரித்துத் தள்ளும் ரெகுலேட்டர்கள்.

இதற்கு மாற்று வழி ஏற்கெனவே இருந்தது. வரும் ஏசி மின்சாரத்தை முதலில் டிசியாக மாற்றி, பிறகு அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு குட்டி டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புவது. வேகம் கூடினால் டிரான்ஸ்பார்மர் சிறுத்துவிடும், சூடும் குறையும். ஸ்விட்ச் போல ஓயாமல் போட்டு அணைப்பதால் ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை, சுருக்கமாக எஸ்எம்பிஎஸ். அதிக வோல்ட்டேஜைத் தாங்கும் வேகமான டிரான்சிஸ்டர்கள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் இது சாதாரணக் கருவிகளுக்குள்ளும் வந்தது. 1977-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் இப்படி ஒன்றை வடிவமைத்தார். விசிறிச் சத்தம் கூடாது என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் விருப்பம். சூடு குறைந்தால்தான் விசிறியைத் தவிர்க்க முடியும்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டது. அதன் பவர் சப்ளை 63.5 வாட். இன்றைக்கு ஒரு நடுத்தர கிராபிக்ஸ் கார்டுக்குக்கூட அது போதாது. அந்த 63.5 எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 5 வோல்ட் கம்பியில் 7 ஆம்பியர், அது 35 வாட். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர், அது 24 வாட். மீதி சில்லறை. வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட், அவ்வளவுதான் கணக்கு. பாதிக்கு மேல் 5 வோல்ட்டில் போயிற்று. அந்தக் கால சிப்புகள் எல்லாம் 5 வோல்ட் குடித்து வளர்ந்தவை. 12 வோல்ட் பெரும்பாலும் டிஸ்க் டிரைவுகளின் மோட்டார் சுழல்வதற்கு. 1983-ல் வந்த எக்ஸ்டி 130 வாட், 1984-ல் வந்த ஏடி 192 வாட் என்று எண் ஏறியது. ஆனால் 5 வோல்ட்தான் வீட்டின் மூத்த பிள்ளை.

ஏடி வகை மெஷின்களில் கை வைத்தவர்களுக்கு ஒரு விஷயம் மறக்காது. மதர்போர்டுக்குப் போகும் மின்சாரம் பி8, பி9 என்று இரண்டு பிளக்குகளில் வரும். பக்கத்தில் பக்கத்தில் செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும், ஆனால் போர்டு போய்விடும். "கறுப்பும் கறுப்பும் கட்டிக்கணும்" என்று புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். இரண்டு பிளக்கிலும் இருக்கும் கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒட்டி நிற்க வேண்டும் என்று அர்த்தம்.

இந்தத் தலைவலியை 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறை தீர்த்தது. தப்பாகச் செருகவே முடியாத 20 ஊசி கொண்ட ஒரே பிளக். புதிய சிப்புகளுக்காக 3.3 வோல்ட் கம்பி ஒன்று கூடுதலாக வந்தது. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் விழித்திருக்கும் 5 வோல்ட் கம்பி இன்னொன்று. அதன் பிறகுதான் ஷட் டவுன் கொடுத்தால் கம்ப்யூட்டர் தானாக அணைந்தது. அதற்கு முன், இனி அணைக்கலாம் என்று திரையில் ஆரஞ்சு நிறத்தில் எழுத்து வரும். நாம்தான் சுவிட்சை அமுக்க வேண்டும்.

கதை திரும்பியது 2000-ம் ஆண்டில். இரண்டு காரணங்கள். ஒன்று, விளையாட்டு. 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 5 5500 என்ற கிராபிக்ஸ் கார்டுக்கு மதர்போர்டு தரும் மின்சாரம் போதவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நான்கு ஊசி பிளக்கை அதிலும் செருக வேண்டியிருந்தது. அதன் அண்ணனான 6000-க்குத் தனி அடாப்டரே வெளியிலிருந்து தர நினைத்தார்கள். அந்தக் கார்டு கடைக்கு வருவதற்குள் கம்பெனியே முடிந்துபோனது.

இரண்டாவது காரணம், அதே வருடக் கடைசியில் வந்த பென்டியம் 4. பிராசஸருக்கு வேண்டியது இப்போது 2 வோல்ட்டுக்கும் குறைவு, ஆனால் ஆம்பியர் மிக அதிகம். அவ்வளவையும் 5 வோல்ட் கம்பியில் கொண்டுவந்தால் கம்பியும் பிளக்கும் சூடாகும். அதே வாட்டை 12 வோல்ட்டில் கொண்டுவந்தால் ஆம்பியர் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஊருக்கு ஊர் மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் கொண்டுபோய், தெருமுனை டிரான்ஸ்பார்மரில் குறைத்துக் கொடுக்கிறார்களே, அதே தத்துவம். 12 வோல்ட்டில் கொண்டுவந்து பிராசஸர் வாசலில் குறைத்துக்கொள்வது. அதற்காக நான்கு ஊசி கொண்ட தனி 12 வோல்ட் பிளக் வந்தது. 2003-ல் 20 ஊசி 24 ஆனது. கிராபிக்ஸ் கார்டுகளும் 12 வோல்ட்டுக்கே வந்தன. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாக 75 வாட் வரை, 6 ஊசி பிளக் இருந்தால் இன்னொரு 75, 8 ஊசி என்றால் 150.

ஆக, 5 வோல்ட்டின் ராஜ்ஜியம் முடிந்து 12 வோல்ட்டிடம் சாவி போய்விட்டது. ஆனால் பழைய டிசைனில் மலிவாகப் பெட்டி செய்கிறவர்கள் அதை நிறுத்தவில்லை. இங்கேதான் நம் பணம் போகிறது.

என் தங்கை பேரன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அவன் தாத்தா, அதாவது என் மாப்பிள்ளை, காலமாகி நாலு வருடம் ஆகிறது. அவர் வைத்திருந்த ஐ5-2400 கம்ப்யூட்டரில்தான் குடும்பத்துப் புகைப்படங்கள் அத்தனையும் இருக்கின்றன. வேறு நகல் கிடையாது. பையன் பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த காசில் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு ஒன்று பழசாக வாங்கிப் போட்டு கேம் ஆட நினைத்தான். கடைக்காரர், "450 வாட் இருக்கு தம்பி, தாராளமாப் போதும்" என்று சொல்லிவிட்டாராம். "தாத்தா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று என்னிடம் வந்தான்.

பெட்டியின் பக்கவாட்டு லேபிளைப் படிக்கச் சொன்னேன். 3.3 வோல்ட்டுக்கு நேரே 28 ஆம்பியர், 5 வோல்ட்டுக்கு 30, 12 வோல்ட்டுக்கு 16. பெருக்கிப் பார்த்தால் 92, 150, 192 வாட். மீதி இரண்டு சின்னக் கம்பிகளையும் சேர்த்து 450 என்று போட்டிருக்கிறார்கள். அதில் பாதிக்கு மேல், இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத கம்பிகளில் கிடக்கிறது. உபயோகப்படும் 12 வோல்ட்டில் இருப்பது 192 வாட். பிராசஸருக்கு 95, கார்டுக்கு 125, அதுவே 220 ஆகிவிட்டது. மற்றவற்றுக்கு 50 வைத்தால் 270.

"கொஞ்சம் குறைவுதானே தாத்தா, அணைஞ்சா அணையட்டும்" என்றான். அணைந்தால் அதிர்ஷ்டம் என்றேன். இந்த மாதிரிப் பெட்டிகளில் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள். ஒரு பக்கம் மட்டும் சுமை ஏறினால் 12 வோல்ட் தாழும், 5 வோல்ட் ஏறும். அந்த 5 வோல்ட்தான் ஹார்ட் டிஸ்க்கின் சர்க்யூட்டுக்குப் போகிறது. அதிகச் சுமையில் அணைக்கும் பாதுகாப்பைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்ட பெட்டிகளும் உண்டு. அவை போகும்போது தனியாகப் போவதில்லை. புகைப்படங்கள் எந்த டிஸ்க்கில் இருக்கின்றன என்று கேட்டேன். பையன் பதில் பேசவில்லை.

வயதும் ஒரு கணக்கு. பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களில் ஒரு திரவம் உண்டு. வருடங்கள் ஓடச் சூட்டில் அது வறண்டுபோகும். 2000-களின் ஆரம்பத்தில் தரமற்ற திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளிலும் பவர் சப்ளைகளிலும் உப்பி வெடித்தன. என் மேஜைக்கும் கூடை கூடையாக வந்தன. நல்ல கெப்பாசிட்டருக்கும் ஆயுள் உண்டு. பத்து வருடம் உழைத்த பெட்டியின் லேபிளில் உள்ளதை அது இன்று தரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

முதலில் புகைப்படங்களுக்கு வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்தோம். பிறகு அவன் சேர்த்த பணத்தில் புது எஸ்எம்பிஎஸ் வாங்கினான். கார்டு மூன்று மாதம் தள்ளிப்போயிற்று. முகம் சுருங்கத்தான் செய்தது. "கேம் ஆட ஆசைப்பட்டேன், டப்பா வாங்கிக் கொடுத்துட்டீங்க" என்று என் தங்கையிடம் குறை சொன்னானாம். இருக்கட்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெரிய எழுத்தில் இருக்கும் வாட்டைப் பார்க்காதீர்கள், லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். இன்றைய முறையில் செய்த 450 வாட் பெட்டியில் 12 வோல்ட்டில் மட்டும் 400-க்கு மேல் இருக்க வேண்டும், அதாவது 34, 35 ஆம்பியர். தேவை 270 என்றால் இது போதும். 800, 1000 வாட் என்று வாங்கிப் போடுவதும் வீண் செலவு.

80 பிளஸ் என்ற முத்திரையையும் பாருங்கள். 2004-ல் அமெரிக்காவில் தொடங்கிய திட்டம். உள்ளே வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தை உருப்படியாக வெளியே தருகிறதா என்று சோதித்துத் தருவது. பிரான்ஸ், சில்வர், கோல்டு என்ற படிகள் 2008-ல் வந்தன. ஆனால் அது சிக்கனத்துக்குத் தரும் சான்று, ஆயுளுக்குத் தருவது அல்ல. ஆகவே வாரன்டி எத்தனை வருடம் என்று கேளுங்கள். தயாரித்தவனுக்கே நம்பிக்கை இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

ஆபீஸ்களில் கழித்து விற்கும் பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் கேபினெட்டைத் திறந்து பிளக்கை எண்ணிப் பாருங்கள். சில கம்பெனிகள் 24 ஊசிக்குப் பதில் தங்களுக்கென்று தனி பிளக் வைத்திருக்கும். கடையில் கிடைக்கும் பெட்டி சேராது. அப்படிப்பட்ட மெஷினுக்குத் தனி பிளக் கேட்காமல் ஸ்லாட்டிலேயே ஓடும் 75 வாட்டுக்குட்பட்ட கார்டு போதும் என்று மனதைத் தேற்றிக்கொள்வது நல்லது. அதற்கும் பெட்டியில் இடம் இருக்கிறதா என்று அதே 12 வோல்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எந்தக் காரணத்துக்காகவும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

கதை இன்னும் முடியவில்லை. 2022-ல் ஒரே சிறிய பிளக்கில் 600 வாட் வரை தரும் புது முறை வந்தது. 450 வாட் குடிக்கும் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளில் சிலருக்கு அந்தப் பிளக் உருகிவிட்டது. முழுவதும் அழுத்திச் செருகாததுதான் முக்கியக் காரணம் என்றது தயாரித்த நிறுவனம். மறு வருடமே பிளக்கின் வடிவத்தைத் திருத்தினார்கள். 12 வோல்ட்டில் 600 வாட் என்றால் 50 ஆம்பியர். 5 வோல்ட் கம்பி அன்று எந்தச் சூட்டில் தவித்ததோ, அதே சூடு இப்போது 12 வோல்ட்டின் வாசலுக்கு வந்திருக்கிறது.