குடலுக்குள் ஓர் உலகம்

எங்கள் திருவண்ணாமலையில் முழுநிலவு இரவுகளில் மலையை வலம் வருவோர் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நடப்பர். நம் முன்னோர் பலருக்கு நெடுநடை அன்றாட வழக்கம். உணவோ கேழ்வரகும் கீரையும் பயறும். அக்காலத்திலும் பெருங்குடற் புற்றுநோய் நம்மிடையே அறவே இல்லாமலில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920-களின் தொடக்கத்தில் மலக்குடற் புற்றுநோயால் இளமையிலேயே மறைந்தார். முதலில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவரின் குடும்பத்திலேயே இவ்வாறு நேர்ந்ததெனில், பிறர் நிலையை என்னென்பது! அத்துயரம் அவ்வம்மையாரின் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1954-இல் அடையாற்றில் திறக்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனைக்கு வித்து அதுவே.

நோய்க்குக் காரணம் யாது? உகாண்டாவில் பணியாற்றிய பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர், நார் மிகுந்த உணவை உண்ணும் ஆப்பிரிக்கரிடையே இந்நோய் அரிது என்று 1971-இல் எடுத்துரைத்தார். அவர் கூறிய விளக்கத்தைப் பின்வந்தோர் திருத்தினர். ஆயினும் அவர் காட்டிய திசை வீணாகவில்லை. நம்மால் செரிக்க இயலாத நாரைப் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் புளிக்கவைக்கின்றன. அதனின்று பிறக்கும் பியூட்டிரிக் அமிலமே குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்குத் தலையாய உணவு. நார் குறைந்து கொழுப்பு மிகுமாயின் அக்குடியிருப்பே மாறிவிடுகிறது. உடற்பருமனோ இரத்தத்தில் இன்சுலினை மிகுவித்து, மெல்லிய அழற்சியை நீடிக்கச் செய்கிறது. மிகுகொழுப்பு இந்நோய்க்கு வழிகோலும் என்பதற்குப் போதிய சான்று உண்டென்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2016-இல் அறிவித்தது.

குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. 1960-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், ஸ்புரூ என்னும் வேறொரு குடல்நோயை ஆராய வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களுக்குச் சென்றனர். அன்று திருவண்ணாமலையும் அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே.

வாயில் வாழும் ஃபூசோபாக்டீரியம் என்னும் நுண்ணுயிர் பெருங்குடற் கட்டிகளில் மிகுந்திருப்பதை 2012-இல் அமெரிக்க, கனடிய ஆய்வாளர் கண்டனர். கட்டியை வளர்ப்பது அதுவா, வளர்ந்த கட்டியில் அது குடியேறிற்றா? வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் ஈ.கோலை வகை ஒன்றின் நஞ்சு உயிரணுவின் மரபுப்பொருளில் தனித் தழும்பை விட்டுச் செல்வது 2020-இல் புலனாயிற்று.

சீதபேதியிலும் குருதி கசியும், இக்கட்டியிலும் கசியும். பெருங்குடல் முழுதும் வளைந்து சென்று காணும் உள்நோக்குக் குழாய் 1960-களின் இறுதியில்தான் வழக்கிற்கு வந்தது. அத்தங்கை மறைந்து அப்போது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தன.